மாடி மாமாவுக்கு நாங்கள் கொடுத்த கதை

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து ஓர் எழுத்தாளர் கதை எழுதுகிற படம் ஒன்று திருச்சி டவுனில் ஓடியது. நன்றாக நடித்திருந்தார்கள். சண்டை கிடையாது. கதாநாயகன் கடைசிவரை குரலை உயர்த்தவே இல்லை. பெஞ்சு டிக்கெட்காரர்கள் இதைத் தங்களுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு இடைவேளையோடு எழுந்து போனார்கள். எங்களை அழைத்துப்போன மாடி மாமா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

மாடி மாமா எங்களுக்கு உறவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரே கிணற்றைச் சுற்றிப் பல குடும்பங்கள் குடியிருந்த ஸ்டோர் எங்களுடையது. மாடி அறையில் அவர் இருந்தார். ரயில்வே குமாஸ்தா, கல்யாணம் ஆகாதவர். முன்பு ஒரு வாரப் பத்திரிகையில் கதை எழுதிக்கொண்டிருந்தார், பிறகு கதை வரவில்லை. தீபாவளி மலருக்குக் கதை கேட்டிருக்கிறார்கள், இதையும் கொடுக்காவிட்டால் இனிமேல் கேட்கவே மாட்டார்கள் என்று அப்பாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

எனக்கு ஒன்பது வயது. விஷயம் தெளிவாகப் புரிந்துவிட்டது. படத்து எழுத்தாளருக்குப் பிள்ளைகள் கதை கொடுத்தார்கள். இவர் அருகிலும் பிள்ளைகள் இருந்தோம், ஆனால் சும்மா இருந்தோம். கோளாறு எங்கள் பக்கம்தான்.

மறுநாளே ஆரம்பித்தோம். ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்குப் பெருமாள் புறப்பாட்டைவிட நல்ல விளையாட்டு தெரியாது. மணைப்பலகையில் என் தம்பியை உட்கார வைத்துத் தூக்கினோம். அவன் பெருமாள். பிஸ்கட் டின் மேளம் என் பொறுப்பு. மாமா ஆபீஸிலிருந்து வந்து பேனாவைத் திறக்கும் நேரம் பார்த்து மாடிப்படி ஏறி, அவர் வாசலில் பெருமாளை நிறுத்தினோம். மாமா எழுந்து வந்து கைகூப்பினார். ஆளுக்கொரு பெப்பர்மிண்ட் கொடுத்தார்.

"கதை வந்துடுத்தா மாமா?" என்று கேட்டேன்.

"வந்துண்டே இருந்தது" என்றார்.

நல்ல சேதி என்று மறுநாள் இன்னொரு டின்னையும் சேர்த்துக்கொண்டோம். தினமும் போனோம். ஒருநாள் மாமா கதவைச் சாத்தி வைத்திருந்தார். வெளியூர்ப் பிள்ளைகளாக இருந்தால் திரும்பிப் போயிருப்பார்கள். எங்கள் ஊர்க் கோயிலில் பங்குனி உற்சவத்தில் தாயார் கோபித்துக்கொண்டு பெருமாள் முகத்திலேயே கதவைச் சாத்திக்கொள்வாள். பெருமாள் விடாமல் வருவார், கடைசியில் சமாதானமாகிக் கதவு திறக்கும். மாமாவுக்கு முறை தெரிந்திருக்கிறது என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். கதவு திறக்கும்வரை மேளம் கொட்டினோம். அவரும் ஒவ்வொரு நாளும் திறந்தார்.

தீபாவளி மலர் வந்தது. மாமாவின் கதை அதில் இருந்தது! எழுத உட்காரும் ஒரு மனிதர் வாசலுக்குப் பிள்ளைகள் தினமும் பெருமாளைத் தூக்கி வருகிறார்கள். கடைசியில் அவர் அறையைக் காலி செய்துகொண்டு போகிறார். நாங்கள் எல்லோருமே அதில் இருந்தோம். மேளக்காரிக்கு நாலே வரிதான் என்பதில் மட்டும் எனக்கு வருத்தம்.

அம்மா படித்துவிட்டு, "மாமா ரூமைக் காலி பண்ணப் போறாரா?" என்று கேட்டாள்.

"கதைம்மா அது" என்றேன். அம்மாவுக்குக் கதை படிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே வாசலில் ஜட்கா வந்து நின்றது. மாமாவின் டிரங்குப் பெட்டியும் படுக்கையும் அதில் ஏறின. உறையூரில் தனி அறை பார்த்துவிட்டாராம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களைப் பிடிக்கலையா மாமா?" என்று கேட்டேன்.

மாமா கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"பிடிக்காம இருந்தா, மொத நாளே ஒரு அதட்டல் போட்டுட்டு இங்கேயே இருந்திருப்பேனேம்மா."