மிஞ்ஞாக் வாங்கி

அந்தச் சனிக்கிழமை தங்கமணி சாமான்களைச் சொல்லச் சொல்ல, மகன் முகுந்தன் கைபேசியில் தட்டிக்கொண்டிருந்தான். பருப்பு, வெங்காயம், சவர்க்காரம். கடைசியாக, "அப்படியே மிஞ்ஞாக் வாங்கி..." என்றார். அதற்குள் குக்கர் கத்தியது. எண்ணெய் என்று குறித்துக்கொண்டான்.

ஐந்து கிலோ போத்தலைச் சுமந்து வந்து மேசைமேல் வைத்தபோது தங்கமணிக்குச் சிரிப்பு தாளவில்லை.

"டேய், நான் சொன்னது பூசிக்கிற மிஞ்ஞாக்லா! இத பூசிட்டு கோயிலுக்குப் போனா, வடைன்னு நெனச்சு பிரசாதத்துல வச்சிருவாங்க."

மலாயில் மிஞ்ஞாக் என்றால் எண்ணெய், வாங்கி என்றால் வாசம். சேர்த்துச் சொன்னால் சென்ட். முகுந்தனுக்குத் தெரிந்த வார்த்தைதான். அன்று காது தமிழில் கேட்டுவிட்டது.

"அந்த சென்ட்ட இப்ப செய்யறதே இல்லயேம்மா."

"கிள்ளான்ல அத்தர் கடை யூனுஸ் அண்ணே, பழைய போத்தல கொண்டாந்தா மோந்து பாத்து அதே மாதிரி கலந்து தரேன்னாரு. அடுத்த வாரம் நானே போறேன். ஒன்ன அனுப்புனா நல்லெண்ணெயோட வருவ."

புதன்கிழமை காலை குளியலறையில் விழுந்த தங்கமணி எழவில்லை.

மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர் தங்கமணி. ரப்பர் பால் நாற்றம் தலைமுடிவரை ஏறும். வேலை முடிந்து பஸ் ஏறுமுன் கழுத்தில் அந்த சென்ட்டில் இரண்டு சொட்டு வைத்துக்கொள்வார். மல்லிகை, ரோஜா, அடியில் சோப்பைப் போல ஏதோ ஒன்று. சாவி திரும்பும் சத்தத்துக்கு முன்பே அந்த வாசம் வீட்டுக்குள் வந்துவிடும்.

கருமாதி முடிந்து புடவைகளை எடுத்தபோது சென்ட் போத்தல் கிடைத்தது. மூடியைச் சுற்றிப் பிளாஸ்டர். அடியில் மஞ்சளாக ஒரு படலம், அவ்வளவுதான். முகுந்தனுக்குப் பூச்சோங்கில் ஆய்வுக்கூட வேலை. திறந்தால் முதலில் போவது பூ வாசம் என்று தெரியும்.

யூனுஸை அழைத்தான்.

"தொறக்காம எப்படி தம்பி மோந்து பாக்குறது? மூணு நாலு தடவயாவது தொறக்கணும். அதே மாதிரி வரும்னு கேரண்டி இல்ல. ஒங்கம்மாகிட்டயும் சொன்னேன். 'மூடியே வச்சிருந்தா யாரு மோந்து பாக்குறது, கரப்பான்பூச்சியா?'ன்னு கேட்டாங்க."

"சரி அண்ணே, வரேன்."

போத்தலைக் கைக்குட்டையில் சுற்றி அலுவலகப் பையில் வைத்தான். வெயிலில் காருக்குள் விடுவதில்லை.

ஏழு சனிக்கிழமைகள் ஆகிவிட்டன. சமையல் எண்ணெய் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. கிள்ளானுக்கு இன்னும் போகவில்லை.