நெட் வராத கடைசி நாள்

புதூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில், பஸ் நிற்கும் இடத்தருகே சின்னதாக ஒரு இ-சேவைக் கடை நடத்துகிறேன். அன்று பயிர்க் காப்பீடு போடக் கடைசி நாள். நான் கடையைத் திறக்கும்போதே சிட்டா, அடங்கல் என்று நிலக் காகிதங்களோடு வாசலில் கூட்டம். முதல் ஆளாக நின்றவர் எங்கள் பக்கத்துப் புஞ்சைக்காரர். வண்டிப்பாதைத் தகராறில் என் மாமனாரோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. வேறு கடைக்குப் போக அவருக்கு நேரமில்லை. அந்தக் கடுப்பு முகத்தில் இருந்தது.

கம்ப்யூட்டரைப் போட்டேன். முந்தின நாள் மூடும்போது அப்டேட் கேட்டிருந்தது. அதை முடித்துவிட்டு எழுந்து வந்தது. ஆனால் நெட் இல்லை. நெட் பெட்டியிலிருந்து வரும் வயரைக் கழற்றி மாட்டினேன். திரும்பப் போட்டேன். இல்லை.

"ஏட்டி, எங்களைப் பாத்ததும் நெட் போயிட்டாக்கும்?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் புஞ்சைக்காரர் வாயில் இந்த 'ஏட்டி' வந்திருக்காது. "அப்டேட்ல கோளாறு அண்ணாச்சி. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன்.

"அப்போ உன் போன்ல மட்டும் எப்படி வருது?" மேசையில், அதே நெட் பெட்டியின் வைஃபையில் கிடந்த என் போனில் வாட்ஸ்அப் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தியளா? ஒரே பெட்டியில இருந்து போனுக்கு வருதாம், கம்ப்யூட்டருக்கு வராதாம். எம் பேரு காப்பீட்டுல ஏறக்கூடாதுன்னு இவ மாமனாரு சொல்லி விட்டிருக்காரு."

கூட்டம் என் பக்கம் திரும்பியது. திருப்பித் திட்ட வாய்வரை வந்தது.

ஆனால் அவர் கேட்ட கேள்வியில் விஷயம் இருந்தது. போனுக்கு வருகிறதென்றால் இணைப்பில் பழுதில்லை, பழுது கம்ப்யூட்டருக்குள். கம்ப்யூட்டரின் பாகங்களைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். நெட்வொர்க் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் கோளாறைக் காட்டும் மஞ்சள் முக்கோணம். அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை அப்டேட் மாற்றியிருந்தது. பழையதற்குத் திரும்பும் பட்டனோ மங்கிக் கிடந்தது, அமுக்கினால் அசையவில்லை. கார்டு கம்பெனியின் இணையப் பக்கத்தில் தேடி, பழைய டிரைவரைப் போனில் இறக்கினேன். போனை வயரால் கம்ப்யூட்டரில் மாட்டினால் சார்ஜ்தான் ஏறியது, போனில் இருந்த எதையும் காட்டவில்லை. சார்ஜுக்கு மட்டுமேயான மட்டமான வயர்.

"யாருகிட்டயாவது போன் வயர் இருக்கா?"

புஞ்சைக்காரர் வெளியே போய், பைக் பெட்டியிலிருந்து ஒரு வயரை எடுத்து வந்தார். நான் நீட்டிய கையில் தராமல் மேசை மேல் விட்டெறிந்தார்.

"இதுலயும் வரலைன்னா என்ன சொல்லுவ?"

வயரை எடுத்து மாட்டினேன். டிரைவர் கோப்பு ஏறியது. புதியதை நீக்கி, பழையதைப் போட்டு, கம்ப்யூட்டரை மறுபடி எழுப்பினேன். மஞ்சள் முக்கோணம் போயிருந்தது. காப்பீட்டுப் பக்கம் திறந்தது.

முதல் ஆளான அவருடைய உளுந்துப் புஞ்சையைக் காப்பீட்டில் ஏற்றினேன். ஒரு எழுத்தும் பிசகாமல் வேகமாக ஏற்றியது நல்ல மனசில் இல்லை; அவர் வாயை அடைக்கத்தான். ரசீதில் சர்வே எண்ணை விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தார். வயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டார்.

"கூட்டத்துல வச்சுக் கேட்டதும் நெட் வந்துட்டு பாத்தியளா?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு இறங்கினார்.

அடுத்து உட்கார்ந்த அம்மா தன் காகிதங்களை என்னிடம் தராமல் மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: "எங்களுக்கும் சத்தம் போட்டாத்தான் போடுவியா?"