சம்பந்தி வீட்டுத் தட்டு

ஆனந்தவல்லியிடம் யாராவது ‘அது நம்மால முடியாது’ என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கே அதைச் செய்து பார்த்தாக வேண்டும் அவளுக்கு. நாற்பத்திரண்டு வயதில் ஸ்கூட்டி ஓட்டப் பழகினாள். முதல் நாள் வண்டியோடு வாய்க்காலில் இறங்கினாள். ஒரு வாரம் கழித்து அதே வாய்க்கால் கரையில் உர மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு போனாள். கஜா புயல் அவள் கொல்லையில் நின்ற பதினான்கு தென்னையில் பதினொன்றைச் சாய்த்துப் போட்டபோது, ஒரத்தநாட்டுப் பக்கம் ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. அவளும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அழுதாள். மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கன்று வைக்கக் குழி வெட்டப் போய்விட்டாள். அந்தக் கன்றுகள் இப்போது காய்க்கின்றன.

அப்பேர்ப்பட்டவளுக்கே ஒரு விஷயத்தில் மட்டும் கையைக் கட்டிப் போட்டது போலிருந்தது. அது அவள் புருஷன் தியாகேசன்.

ஒரே மகள் இசைவாணி நர்ஸ். தென்னமெரிக்காவில் இருக்கும் கயானாவில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே மார்லன் என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மழைத்தண்ணீரை வெளியேற்றும் பம்ப் நிலையத்தில் அவனுக்கு வேலை. அங்கேயும் நெல்தான், வாய்க்கால்தான், தென்னைதான். ஆள்தான் வேறு, நிறம்தான் வேறு. தியாகேசன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தாலாவது இரண்டு நாளில் ஓய்ந்திருக்கும். “செஞ்சுக்கிட்டா, சரி. அந்த வீட்டுப் பேச்சு மட்டும் இந்த வீட்ல வேண்டாம்” என்று சொல்லி முடித்துவிட்டார். இரண்டு வருஷமாக அந்தச் சொல்லை அவரும் மீறவில்லை, மற்றவர்களையும் மீற விடவில்லை.

இப்போது மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பார், கால் வீக்கத்தைப் பார்த்துக் கவலைப்படுவார். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்க மாட்டார். மார்லனின் அம்மா குளோரியா தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். இங்கே சாயங்காலம் நாலரை என்றால் அங்கே காலை ஏழு. நாலரை ஆனால் தியாகேசன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார். அந்த நேரத்தில் வயலில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. நெல்லுக்கே சலித்துப் போயிருக்கும்.

வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். அப்போதுதான் ஆனந்தவல்லிக்கு அந்தக் கவலை பிடித்தது. வளைகாப்பென்றால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சீர்த்தட்டு வர வேண்டும். மார்லனுக்குப் பிரசவத்தின்போதுதான் லீவு. குளோரியாவுக்கு முட்டி வலி, வாசற்படி இறங்கவே ஆள் பிடிக்க வேண்டும். தட்டில்லாமல் மகள் மணையில் உட்கார்ந்தால் வந்திருக்கும் அத்தனை பேரும் அவளை அநாதையைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். வாய் திறந்து ஒருத்தி கேட்டுவிட்டால் இன்னும் மோசம்.

“பரவால்லம்மா” என்றாள் இசைவாணி.

அந்தப் ‘பரவால்ல’ எப்படிப்பட்டது என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

ஒரு நாள் போனில் குளோரியா ஏதோ நீளமாகச் சொன்னாள். இசைவாணி சிரித்தபடி தமிழில் சொன்னாள்: “நான் மட்டும் அங்க இருந்தா தேங்கா பன் சுட்டு எடுத்துட்டு வந்திருப்பேன்னு சொல்றாங்கம்மா. எந்த நல்ல காரியத்துக்கும் அவங்க அதைத்தான் தூக்கிட்டுப் போவாங்க.”

“எப்படிச் செய்யறதுன்னு கேளு” என்றாள் ஆனந்தவல்லி. மகள் வாய்க்கு ஆசைப்படுகிறாள் என்று அம்மா செய்கிறாள் போலிருக்கிறது, அவ்வளவுதான் என்று இசைவாணி நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் பன் சுடும் ‘அவன்’ அடுப்பு கிடையாது. பொங்கலுக்கு எடுக்கும் பெரிய அலுமினிய அண்டாவில் இரண்டு விரல் உயரம் மணலைப் பரப்பி, நடுவில் முக்காலி வைத்து, மேலே மூடி போட்டு அடுப்பில் ஏற்றினாள். மைதா, வெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, பட்டை, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய ஜாதிக்காய், உலர்ந்த திராட்சை, பேக்கிங் பவுடர் எல்லாம் சேர்த்தாள். குளோரியா முட்டை சொல்லியிருந்தாள். நல்ல காரியத் தட்டில் கவிச்சி ஆகாதென்று இவள் கெட்டித் தயிர் ஊற்றினாள். தேங்காய்? அதற்கா குறைச்சல்!

முதல் ஈடு வெந்து இறங்கியது. தியாகேசன் ஒன்றை எடுத்துத் தூணில் தட்டிப் பார்த்தார். டொக் என்றது.

“என்ன இது?”

“பன்னு.”

“மடைக்கு வச்சா பொட்டுத் தண்ணி கசியாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனந்தவல்லிக்குச் சுருக்கென்றது. மாவை மாற்றினாள், தணலைக் குறைத்தாள், தயிரைக் கூட்டினாள். மூன்று நாள், மூன்று ஈடு, எல்லாம் மடைக்குத்தான் ஆயிற்று. நாலாம் நாள் நாலரை மணிக்கு இசைவாணி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. எடுத்த ஆனந்தவல்லி, ஒரு வார்த்தைகூடப் புரியாவிட்டாலும், அதை உப்பு ஜாடியில் சாய்த்து நிறுத்திவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். தேங்காயைத் துருவினாள். துணியில் கட்டினாள். முறுக்கிப் பிழிந்தாள். முதல் பாலைக் குழம்புக்கென்று எடுத்து வைத்தாள். சக்கையை மாவில் கொட்டினாள்.

போனுக்குள்ளிருந்து ஒரு அலறல். குளோரியா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, “நோ, நோ, நோ!” என்றாள்.

ஆனந்தவல்லி பயந்து போனாள். அந்தப் பக்கம் குளோரியா காற்றிலேயே தேங்காய் துருவினாள், காற்றிலேயே பிழிந்தாள், அப்புறம் அந்தப் பிழிந்த கையை மற்றக் கையால் பட்டென்று அடித்தாள். அப்போதுதான் விளங்கியது. முதல் பால் எடுக்காமல் துருவலை அப்படியே கொட்டுவதாவது! இந்தப் பக்கத்தில் எந்தப் பெண் அப்படி ஒரு ஊதாரித்தனம் செய்வாள்? முப்பது வருஷமாகத் தேங்காயைக் கண்டால் கை தானாகப் பிழிந்துவிடுகிறது. ஆனந்தவல்லி எடுத்து வைத்த பாலை அப்படியே மாவில் ஊற்றினாள். அங்கே கைதட்டல் கேட்டது.

மாவைக் கொழுக்கட்டை போல வழவழவென்று உருட்டப் போனாள். அதற்கும் ஒரு “நோ!” கரடுமுரடாகக் கிள்ளி வைக்கச் சொன்னாள் குளோரியா. அரை மணி நேரம் கழித்து அண்டாவின் மூடியைத் திறந்தபோது வீடு முழுக்க வாசனை. பொன்னிறமாக, மேலே வெடித்து, தொட்டால் உதிர்கிற பன். ஒன்றைப் பிட்டுப் போனுக்கு நேரே காட்டினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு மொழியில் பேசிச் சிரித்துக்கொண்டார்கள்.

வளைகாப்பன்று காலையில் கூடம் நிறைந்துவிட்டது. ஐந்து வகைச் சாதம் வந்து இறங்கியது. இசைவாணி பச்சைப் பட்டுடுத்தி மணையில் உட்கார்ந்தாள். தியாகேசனின் தங்கை விஜயலட்சுமி தட்டுகளை ஒரு பார்வை பார்த்தாள். கெட்டவள் இல்லை, வாய்தான் நிற்காது.

“எல்லாம் நம்ம தட்டாவே இருக்கே. மாப்பிள்ளை வீட்டுத் தட்டு எங்க அண்ணி?”

இசைவாணி குனிந்து கையில் இருந்த மருதாணியைப் பார்க்க ஆரம்பித்தாள். தியாகேசன் வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில், காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஆனந்தவல்லி எழுந்து அடுக்களைக்குள் போனாள். அழத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளா அழுகிறவள்? கொல்லைக் கதவைத் திறந்து, சந்து வழியாகச் சுற்றி, தெருவுக்கு வந்து, தன் வீட்டு வாசலிலேயே வந்து நின்றாள். கையில் பித்தளைத் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, பூ, கண்ணாடி வளையல், நடுவில் குவியலாகத் தேங்காய் பன்.

“மாப்பிள்ளை வீட்லேருந்து சீர் கொண்டாந்திருக்கோம். சம்பந்தியம்மாவுக்கு முட்டி வலி, அதான் என்னை அனுப்பினாங்க. வாங்கன்னு கூப்பிட இந்த வீட்ல யாரும் இல்லையா?”

கூடத்தில் முதலில் சிரிப்புதான் எழுந்தது. அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அது அடங்கிவிட்டது. கூப்பிடாமல் சம்பந்தி வீட்டார் படியேற மாட்டார்கள். கூப்பிட வேண்டியவர் வீட்டுத் தலைவர். எல்லாக் கண்களும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போயின.

ஆனந்தவல்லியும் அங்கேதான் பார்த்தாள். இந்த மனுஷன் எழுந்து வயலுக்குப் போய்விட்டால், தட்டில்லாமல் இருந்ததைவிடப் பெரிய அவமானம் மகளுக்கு. வெயிலில் வெறுங்காலோடு நின்றாள். தாம்பாளம் கனத்தது. இறக்கவில்லை.

தியாகேசன் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வயலுக்குத்தான் என்று விஜயலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படியிறங்கி வந்து, மனைவி முன்னால் நின்றார்.

“வாங்க சம்பந்தி” என்றார். கூடத்துக்கும் கேட்கும்படி மறுபடியும் உரக்கச் சொன்னார். “உள்ள வாங்க. எல்லாரும் சௌக்கியமா? மாப்பிள்ளை நல்லா இருக்காரா?”

இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மணையில் இருந்த இசைவாணி, முகத்துச் சந்தனம் கலைவதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதாள். ஆனந்தவல்லி முதலில் குளோரியாவுக்காக வளையல் போட்டாள். அப்புறம் இந்தப் பக்கம் வந்து தனக்காகப் போட்டாள்.

பன் பந்தி முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. தியாகேசன் இரண்டு தின்றார். மூன்று என்று சொல்கிறவர்களும் உண்டு.

சாயங்காலம் நாலரைக்குப் போன் அடித்தது. தியாகேசன் வயலுக்குப் போகவில்லை. காலியான தாம்பாளத்தைத் தானே கழுவித் துடைத்து, கொல்லையிலிருந்து பறித்த தேங்காய் இரண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்து எடுத்து வந்தார். போனில் தெரிந்த குளோரியாவுக்கு நேரே அதைத் தூக்கிப் பிடித்தார்.

“சம்பந்தி வீட்டுத் தட்டை வெறுமனே திருப்ப மாட்டோம்னு சொல்லும்மா” என்றார் மகளிடம். கொஞ்ச நேரம் கை வலிக்கப் பிடித்துக்கொண்டே நின்றவர், மனைவி பக்கம் திரும்பினார். “இதை நேர்ல போய்த்தான் குடுக்கணும். பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன கேப்பாங்க?”