கேட்டுக்கொண்டிருந்ததற்குச் சம்பளம்

மேடையில் பேசுகிறவர்களின் பேச்சை முதல் வணக்கத்திலிருந்து கடைசி நன்றி வரை முழுசாகக் கேட்பதற்கென்றே அரசாங்கம் சிலருக்குச் சம்பளம் கொடுக்கிறது. வள்ளியூர் வட்டாரத்தில் பல வருஷம் அந்தச் சம்பளத்தை வாங்கியவன் நான். தனிப்பிரிவுக் காவலன். சீருடை கிடையாது. ஆர்ப்பாட்டம், உண்ணாவிரதம், மறியல் என்று எது நடந்தாலும் மப்டியில் போய் நின்று, யார் என்ன பேசினார்கள் என்று மேலே எழுதி அனுப்ப வேண்டும். கடைசிப் பேச்சாளர் எப்போது முடிப்பார் என்று நெளிந்துகொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நீங்களாவது நடுவில் எழுந்து போயிருப்பீர்கள்.

என் முன்னால் எல்லோரும் அளந்துதான் பேசுவார்கள். அளக்காமல் பேசிய ஒரே ஆள் மிக்கேல். உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரன், வள்ளியூரில் என்னோடு பள்ளிக்கூடம் படித்தவன். மீன் வண்டியோடு சந்தைக்கு வரும்போதெல்லாம் டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, என் இலாகா என்று ஒன்று விடாமல் திட்டுவான். கேட்க அவ்வளவு ஆறுதலாக இருக்கும். இந்த ஒருவனை மட்டும் இழந்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆள் தெரியாமல் நிற்பது

இந்த வேலைக்கு வந்த புதிதில், ஆள் தெரியாமல் கலந்து நிற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டம் போட்ட சட்டையும் கைலியுமாக, பஜாரில் நடந்த ஒரு ஆர்ப்பாட்டத்தில் வாழைப்பழக் கடை ஓரமாக நின்றேன். தலைவர் பேச்சை நிறுத்தி, மைக்கிலேயே, தனிப்பிரிவு அண்ணாச்சி வெயிலில் நிற்கிறார், ஒரு நாற்காலி கொண்டு போடுங்கள் என்று சொல்லிவிட்டார். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

நாற்காலி வந்தது. உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். முடிந்த பிறகு அந்தத் தலைவரிடம், என்னை இப்படிக் காட்டிக்கொடுக்கலாமா என்று வருத்தப்பட்டேன். அவர் என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "நீங்க வந்தாத்தான் அண்ணாச்சி இது கூட்டம். மத்தது எல்லாம் எங்க ஆளுகதான், அவுகளுக்கு இது தெரிஞ்ச விஷயம்."

வாயைக் கட்டியவர்கள்

கால்வாயில் தண்ணீர் விடச் சொல்லி விவசாயிகள் ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை. மனு கொடுக்கிற மாதிரி வந்து, வாயில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை, பேச்சு இல்லை. நானும் எதிரே புளிய மரத்தடியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். என் வேலைக்காலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நானும் ஒருவன் என்று தோன்றிய காலைப்பொழுது அது ஒன்றுதான்.

அதற்குள் மேலே இருந்து போன். என்ன பேசுகிறார்கள் என்று அதிகாரி கேட்டார். யாரும் பேசவில்லை ஐயா, வாயைக் கட்டியிருக்கிறார்கள் என்றேன். உடனே சொன்னார்: "அது தெரியுதுய்யா. துணிக்கு உள்ள என்ன பேசுறாங்க, அதைக் கேட்டு எழுது."

ஒற்றை ஆள் போராட்டம்

கல்குவாரியில் வெடி வைத்து வைத்துத் தன் வீட்டுச் சுவர் பிளந்துவிட்டது என்று ஒரு பெண் அட்டையில் எழுதி, அதே தாலுகா ஆபீஸ் வாசலில் தனியாக உட்கார்ந்தாள். பெயர் சுடலி. கூலி வேலைக்குப் போகிறவள், நடுத்தர வயது. சங்கம், கொடி, மைக் எதுவும் இல்லை. போகிறவர் வருகிறவர் அட்டையைப் படித்தார்களே தவிர யாரும் நிற்கவில்லை. நின்றது நான் மட்டும்தான்.

நான் யார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என்னைப் பார்த்தே பேசினாள். சுவர் பிளந்த கதையில் ஆரம்பித்து, புருஷன் கேரளாவுக்குப் போய்த் திரும்பாத கதை வரைக்கும் வந்துவிட்டாள். இதில் எதை அறிக்கையில் எழுதுவது என்று எனக்குப் புரியவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கிளம்பியபோது அட்டையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "சாப்பிட்டுட்டு வாங்க சார். நீங்க போயிட்டா நான் யாரப் பாத்து போராட? மிச்சத்த வந்த பெறவு சொல்லுதேன்."

கல்யாண வீடு

மைத்துனர் வீட்டுக் கல்யாணம். பந்தலில் ஆண்கள் நாற்காலியை வட்டமாகப் போட்டு, ஒரு மந்திரியைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆசையாகப் போய் நானும் உட்கார்ந்தேன். பேச்சு அந்த நிமிஷமே மழைக்குத் தாவியது. அணையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, சாம்பாரில் உப்பு சரியா என்று பேசிக்கொண்டே ஒவ்வொருவராக எழுந்து கை கழுவப் போனார்கள். இன்னும் யாரும் சாப்பிட்டிருக்கவே இல்லை. எனக்கு அழுகை வராத குறை. என் வீட்டுக்காரி வந்து மெதுவாகச் சொன்னாள்: "நீங்க பின்னால போயி பாத்திரக்காரர்கிட்ட இருங்க. சனங்க கொஞ்சம் பேசட்டும்."

மிக்கேல் பேசினான்

மிக்கேலின் ஊருக்குள் கடல் வர ஆரம்பித்திருந்தது. கரையிலிருந்து கடலுக்குள் பாறாங்கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டினால் அலை ஊரை அரிக்காது. அதைக் கேட்டு மனு கொடுத்து அலுத்துப்போன சனம், ஒரு நாள் வள்ளத்தை இழுத்து வந்து நடுரோட்டில் போட்டு மறியலில் உட்கார்ந்துவிட்டது. மைக்கைப் பிடித்தவன் மிக்கேல். எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோனால் உங்கள் ஆபீஸுக்குள் சட்டி பானையோடு வந்து குடியிருப்போம், அப்போது எவன் தடுக்கிறான் என்று பார்ப்போம் என்றான். டீக்கடையில் என்னிடம் பேசியதில் இது கால்வாசிகூட இல்லை. அவன் பேசியதை எழுதி அனுப்பினேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. உங்களிடமும் இதற்கு மேல் சொல்லக் கூடாது.

மறியல் செய்ததற்கும், மிரட்டிப் பேசியதற்கும் மிக்கேல் மேல் வழக்கு வந்தது. ஊரில் பாதிப் பேர் அவன் பேச்சைப் போனில் படம் எடுத்திருந்தார்கள், எனவே என் எழுத்தால் வந்ததா, படத்தால் வந்ததா என்று எனக்கே தெரியாது. அவன் என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என்னைப் பற்றி என்ன எழுதினாய், அதை மட்டும் சொல், நான் நம்புகிறேன் என்றான். நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. எழுதியதை வெளியே சொல்லக் கூடாது என்பதுதான் எங்கள் வேலையின் முதல் பாடம். அதைச் சொல்ல முடியாதுலே என்றேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "நான் நடுரோட்டுல நின்னு ஊரறியப் பேசுனேன். நீ ஒன் வீட்டுக்குள்ள நின்னு ஒரு வார்த்தை சொல்ல முடியல. எனக்கு வாய்தா தீந்துரும்லே. ஒனக்கு?"

என் கோஷம்

ஓய்வு பெற்றேன். என் வீட்டுக்கு வந்துபோன நாளிலிருந்தே மிக்கேல் டீக்கடைக்கு வரவில்லை. மீன் வண்டியை வேறு யாரோ ஓட்டி வந்தார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே கிடந்தது, தூண்டில் வளைவும் வரவில்லை. அந்த ஊர்க்காரர்கள் மறுபடி தாலுகா ஆபீஸ் முன்னால் ஆர்ப்பாட்டம் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரும் அனுப்பாமல், நானாகவே போனேன். இனி நான் யாருக்கும் எழுதி அனுப்ப வேண்டியதில்லை. அவன் பக்கத்தில் நின்று ஒரு தடவை வாய்விட்டுக் கத்திவிட்டால் அவனுக்குப் புரிந்துவிடும் என்று நம்பினேன்.

மிக்கேலுக்குப் பின்வரிசையில் போய் நின்றேன். கட்டிக்கொடு, கட்டிக்கொடு, தூண்டில் வளைவைக் கட்டிக்கொடு என்று கோஷம் எழுந்தது. கையை உயர்த்தி நானும் கத்தினேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கோஷங்களைக் கேட்டிருக்கிறேன், என் குரலில் ஒன்றைக் கேட்டது அன்றுதான். நன்றாகத்தான் இருந்தது. என் பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். படம் பிடித்த பையன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். என்னைச் சுற்றிக் கோஷம் அப்படியே அடங்கிப்போனது. மிக்கேல் திரும்பினான். அன்று வாசலில் செருப்பு மாட்டிப் போனவன், அதற்குப் பிறகு என்னிடம் முதன்முதலாகப் பேசினான். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை: "ஏலே, நீ பைய வீட்டுக்குப் போ. நீ கத்துனா எங்க சனத்துக்கு வாய் வரமாட்டேங்கு."

ஊர்ப் பேச்சை எல்லாம் கேட்டுவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு இப்போது பேச ஒரு தடையும் இல்லை, பக்கத்தில் நின்று கேட்கத்தான் ஆள் இல்லை.