கிரகணத்தன்று சாத்திய அறையில் ரேடியோ

கிரகணத்துக்காக ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒரு நாள் லீவு கேட்டபோது சூப்பர்வைசர், "வீட்ல யாராவது மாசமா இருக்காங்களா?" என்றார். இருந்தாள்தான். என் நாத்தனார் ஏழு மாதம் முடிந்து, பிரசவத்துக்காகக் குடியாத்தத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆனால் நான் லீவு கேட்டது ரேடியோவுக்காக.

நான் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய ஹாம், அதாவது வீட்டிலிருந்தே ஊர் ஊராக ரேடியோவில் பேசுகிறவள். கிரகணத்தில் சூரியன் மறையும்போது, பகலில் அமுங்கிக் கிடக்கும் தூரத்துக் குரல்கள் பலமாகக் கேட்கும் என்பார்கள். அதைச் சோதிக்க, கல்கத்தாவிலிருந்து ஒரு அம்மாள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேசுவதாக ஏற்பாடு. மீட்டரில் முள் எதுவரை ஏறுகிறது என்று நான் எழுத வேண்டும். கிரகணத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. சூரியன் மாடியில், ரேடியோ கீழே. அதுவும், என் மாமியார் ஜன்னலைச் சாத்தி நாத்தனாரை உட்கார வைத்திருந்த அதே அறையில்.

எட்டு மணிக்கு ஆரம்பித்தது. கல்கத்தா அம்மாள் கேட்கவே இல்லை. தெருவிலிருந்த விசைத்தறி மோட்டார்களின் இரைச்சல்தான் ரேடியோவில் கரகரத்தது. அந்த இரைச்சலிலேயே முள் ஏழைவிட்டு அசையவில்லை. ஏழு என்று எழுதிவிட்டு மாடிக்கு ஓடுவேன். கணவர் கிரகணக் கண்ணாடியைக் கொடுப்பார். அரை நிமிடம் பார்ப்பதற்குள், கீழே அந்த அம்மாள் பேசிவிட்டாரோ என்று தோன்றும். திரும்ப ஓடுவேன். மூன்றாம் தடவை மாமியார் மறித்தார்.

"இன்னாமா இது, கதவ தொறந்து தொறந்து மூடற? புள்ளத்தாச்சி உள்ள இருக்குது. ஒண்ணு உள்ள இரு, இல்ல வெளிய இரு."

"ஒரே ஒரு தடவ அத்தை..."

"அண்ணி, நீங்க மேல போங்க. நான் எழுதறேன்," என்றாள் நாத்தனார் இருட்டிலிருந்து. "கேக்கறதுக்குமா லைசென்ஸ் வேணும்?"

வேண்டாம்தான். ஆனாலும் மனசு வரவில்லை. ஹெட்போனை மாட்டிவிட்டு, முள்ளைக் காட்டி, கடிகாரத்தைக் காட்டி, மறுபடியும் முள்ளைக் காட்டினேன்.

"தெரியும் போங்க. பேஜார் பண்ணாதீங்க."

ஒன்பதரைக்கு மேல் சூரியன் மெல்லிய அரிவாளாகியிருந்தது. வெயில் வெளிறிப்போய், டிசம்பர் காற்று இன்னும் குளிர்ந்தது. தெரு இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. அப்போதுதான் உறைத்தது. தறிகள் நின்றிருந்தன. கிரகணத்தில் ஓட்ட மாட்டார்களாம்.

"எப்ப நிறுத்தினாங்க?"

"நான் இன்னா கண்டேன்," என்றார் கணவர், கண்ணாடியை எடுக்காமல்.

எனக்குப் பகீரென்றது. குரல் தெளிவானால் அது தறி நின்றதாலா, கிரகணத்தாலா என்று பிரிக்க முடியாவிட்டால் எழுதியதெல்லாம் வீண். அரிவாளை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.

நோட்டில் அவள் கையெழுத்து: "9.10 தறி நின்னுச்சு. இரைச்சல் இல்ல. முள் 2." அதன் கீழே மூன்று, நான்கு, ஐந்து. கடைசியாக, "9.35 முள் 6. பக்கத்து ரூம்ல பேசற மாதிரி இருக்குது. அந்தம்மாவுக்கு இருமல்."

தறி நின்ற பிறகும் குரல் படிப்படியாக ஏறியிருந்தது. அந்த ஏற்றம் கிரகணத்தினுடையது. நான் காத்திருந்தது அதற்காகத்தான். நான் இல்லாதபோது வந்துவிட்டது. சந்தோஷமும் பொறாமையும் சேர்ந்து வந்தன.

"அங்க பாத்தீங்களா?" என்று எதிர்ச்சுவரைக் காட்டினாள். ஜன்னல் கதவில் ஒரு ஆணி ஓட்டை. அதன் வழியே வந்த வெளிச்சம் சுவரில் சின்ன அரிவாளாக விழுந்திருந்தது.

"மொதல்ல வட்டமா இருந்துது, ஓரத்துல கொஞ்சம் கொறஞ்சி. மேல பட்டுடப்போவுதுன்னு பயந்து நாற்காலிய தள்ளிப் போட்டுக்கினேன். அப்பறம் பாத்துக்கினே எழுதினேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க."

ஹெட்போனை அவள் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்காரப் பார்த்தேன், மாடி விடவில்லை. இன்னும் இரண்டு முறை மாடிக்குப் போய்வந்தேன்.

கிரகணம் விடும் நேரத்துக்கு மாமியார் வெந்நீரோடு வந்து அவளைத் தலைக்குக் குளிக்க அழைத்துப் போனார். பென்சிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் ஜன்னலைத் திறந்து, தெருவைப் பார்த்து, மாடியிலிருந்து இறங்கிய கணவரிடம் நோட்டிலிருந்த ஆறை மூன்று தடவை காட்டிக்கொண்டிருந்தேன்.

குளியலறையிலிருந்து குரல் வந்தது. "அண்ணி, பதினொன்னேகாலுக்கு முள் எழுதினீங்களா?"

எழுதவில்லை.