கேமரா இருமியது

இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்தது இது. அப்போது ஒரகடம் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எனக்கு வேலை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மாடி ரூமில், தென்காசிப் பக்கத்துப் பெண்கள் நாலு பேராக வாடகைக்கு இருந்தோம். ஹவுஸ் ஓனர் அக்கா குடியிருந்தது வாலாஜாபாத்தில்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த காலி சிலிண்டரை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா உடனே ஆள் வைத்து ஒரு கேமரா மாட்டினார். திருட்டுப் போனது கீழே, கேமரா மாட்டியது மொட்டை மாடியில். மேலே இருந்தால்தான் தெரு தெரியுமாம். தெரு தெரிந்ததோ என்னவோ, எங்கள் துணிக்கொடியும் பாத்ரூம் கதவும் நன்றாகவே தெரிந்தன.

அது பேசவும் செய்தது. துணி துவைத்துக்கொண்டிருப்போம், வாலாஜாபாத்தில் இருந்தபடியே போன் வழியாகத் திடீரென்று அக்கா குரல் வரும்: "மோட்டார் ஓடிக்கினே கீது பாரும்மா, ஆஃப் பண்ணு." மற்ற மூவரும் கேமராவுக்கு வணக்கம் வைத்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் தராசைவிட்டுக் கண்ணை எடுக்காத ரகம் நான்.

குளித்துவிட்டு ரூமுக்கு நடந்தால் கேமரா மெல்லத் தலையைத் திருப்பி என் பின்னாலேயே வந்தது. நின்றால் நின்றது. அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஆள் நடந்தால் அது தானாகத் திரும்பும் என்று மாட்டிய ஆள் சொன்னாராம். ஆளே இல்லாத நேரத்தில் அது ஏன் துணிக்கொடியைப் பார்க்க வேண்டும்? ரூம் தோழியிடம் சொன்னேன். "ஒனக்கு எதுலதான்ட்டி சந்தேகம் இல்ல? ஒன் நெழலுகிட்டயே ஆதார் கார்டு கேப்ப" என்றாள்.

அதன் பிறகு பாத்ரூமுக்குள்ளேயே முழுதாக உடுத்தி, மேலே ஷால் போட்டு, தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். குடியிருக்கிற வீட்டிலேயே திருடி மாதிரி நடக்க வேண்டியிருந்தது. ஆத்திரமாக வந்தது.

எங்கள் கம்பெனி கேட்டில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே யாரும் படம் எடுத்துவிடக் கூடாது என்று, செக்யூரிட்டி எங்கள் போன் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் பிய்த்துப் போடுவோம். ஒரு சனிக்கிழமை அதைப் பிய்த்துப் பத்திரமாகக் கொண்டுவந்தேன். நாற்காலி போட்டு ஏறி, மாடிக் கேமராவின் கண்ணில் ஒட்டினேன்.

மறுநாளே அக்கா வந்து நின்றார். "மறைக்கிறீங்கன்னா இன்னாவோ பண்றீங்கன்னுதானே அர்த்தம்?" என்று ஸ்டிக்கரைப் பிய்த்தார்.

"கம்பெனிக்காரனுந்தான் மறைக்கான். அவன் என்ன உள்ள திருட்டா பண்ணுதான்?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா அசரவில்லை. கேமராவைத் தன் போனில் தான் ஒருத்தி மட்டும்தான் பார்ப்பதாகவும், சந்தேகமாக இருந்தால் அந்தப் போனை நானே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி, அதை என் கையில் திணித்தார்.

அந்த நேரம் பார்த்துத் தோழி தலைக்குக் குளித்துவிட்டுக் கதவைத் திறந்தாள். கேமரா அவள் பக்கம் திரும்பியது. அக்காவின் போன் என் கையில் திரை அணைந்து கிடந்தது. கேமராவுக்குள்ளிருந்து ஓர் ஆண் இருமினான்.

தோழி கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். அக்காவின் முகம் வெளிறிவிட்டது. தன் வீட்டு ஆண்கள் யாருடைய போனிலும் இந்தக் கேமரா இல்லை என்றார். மாட்டிய ஆள் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை அவர் மாற்றவே இல்லையாம். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எங்க வூட்டு ஹால்லயும் அவன்தாம்மா மாட்டினான். பிரசவத்துக்கு வந்த என் பொண்ணு அங்கதான் கொழந்தைக்குப் பால் குடுத்துனு கீறா."

ஒயரை அக்காவே பிடுங்கினார். மகளுக்குப் போன் போட்டு, ஹால் கேமராவையும் உடனே பிடுங்கச் சொன்னார். ஸ்டேஷனுக்கும் போனோம். மாட்டிய ஆள், தான் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தார். எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டைத்தான் வைத்தாராம், வேறு யாராவது புகுந்திருக்கலாம் என்றார். அதை நான் நம்பவும் இல்லை, பொய் என்று நிரூபிக்கவும் முடியவில்லை.

இப்போது பென்னலூரில் வேறு ரூமில் இருக்கிறோம். மாடியில் கேமரா கிடையாது. ஆனாலும் ஷிப்ட் பஸ்ஸிலோ டீக்கடையிலோ முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால் ஷாலை இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். எங்களை எத்தனையோ நாள் பார்த்தவன் எதிரில் வந்து நின்றால் அவனுக்கு என்னைத் தெரியும், எனக்குத்தான் அவனைத் தெரியாது.