ஃபங்ஷன் எந்த மண்டபத்துலங்க?

கணக்கு டீச்சர் வேலையில் ஒரு நிம்மதி உண்டு: நாம் என்ன செய்கிறோம் என்று ஊருக்கே தெரியும், யாரும் மேற்கொண்டு விசாரிக்க மாட்டார்கள். பகுதிநேர பி.எச்.டி.க்குப் பதிவு செய்த அன்றைக்கே அந்த நிம்மதி போய்விடும். வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, நடுவில் ஆராய்ச்சியும் செய்து அல்லாடும் சக ஜீவன்களே, உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. இருந்தாலும் நம் கதையை நாமே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

நான் பெருந்துறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். இரண்டு வருஷத்துக்குள் டாக்டர் பட்டம் வாங்காதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் ஒருநாள் சுற்றறிக்கை விட்டது. அப்போது நான் என் ஆராய்ச்சியில் நாலு வருஷத்தை ஓட்டியிருந்தேன், முடிவு கண்ணில் படவில்லை. தலைப்பு, யூனிவேலண்ட் ஃபங்ஷன்கள். பயப்படாதீர்கள். ஒரு வட்டத்துக்குள் இருக்கும் புள்ளிகளைக் கிளப்பி, வேறு இடத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கிற சூத்திரம்தான் ஃபங்ஷன். எந்த இரண்டு புள்ளியும் ஒரே இடத்தில் உட்காராமல் பார்த்துக்கொண்டால் அது யூனிவேலண்ட். ரிசர்வேஷன் பஸ் மாதிரி. மீதியெல்லாம் கிரேக்க எழுத்து.

எத்தனை இலை

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நிச்சயதார்த்தத்தில் என் வீட்டுக்காரரின் சித்தி, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். நீட்டி முழக்க வேண்டாமென்று, "ஸ்பெஷல் ஃபங்ஷன் பத்திங்க சித்தி" என்று சொல்லிவிட்டு ஜிலேபியைக் கவனிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் வகுப்புக்குக் கிளம்பும்போது போன். சித்தி வீட்டுக்கு வழக்கமாகச் சமைக்கும் கேட்டரிங்காரர். நான் பெரிய பெரிய ஃபங்ஷனாகச் செய்கிறேன் என்று சித்தி சொன்னாராம். இனிமேல் எனக்குச் சமையல் அவர்தானாம். இல்லைங்க, இது வேற ஃபங்ஷன் என்றேன். வேற என்றால் காதுகுத்தா என்றார். எனக்கு பஸ் போய்க்கொண்டிருந்தது. ஏனுங்க, இது முழுக்க முழுக்கக் கணக்குங்க, சாப்பாடே கிடையாது என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அவர் துளியும் கோபப்படவில்லை.

"கணக்கெல்லாம் ஃபங்ஷன் முடிஞ்சு பாத்துக்கலாமுங்க அம்மணி, மொதல்ல எத்தன எலைன்னு சொல்லுங்க."

காங்கேயத்தில் ஒரு நட்சத்திரம்

யூனிவேலண்ட் ஃபங்ஷன்களில் ஸ்டார்லைக் என்று ஒரு உயர்ந்த சாதி உண்டு. அது உண்டாக்கும் நிலப்பரப்பின் நடுவில் ஒரு இடம் இருக்கும். அங்கே நின்றால் ஒவ்வொரு மூலையும் மறைவில்லாமல் நேராகத் தெரியும். ஆறு வருஷத்தில் என் ஆராய்ச்சி வீட்டுக்கு உபயோகப்பட்டது இந்த ஒரு விஷயத்தில்தான்.

என் மாமனாருக்குக் காங்கேயத்தில் தேங்காய்க் களம் இருக்கிறது. கொப்பரை காயப்போடும் சிமெண்ட் தரை, 'எல்' எழுத்து மாதிரி மடங்கியிருக்கும். கொப்பரை குறைகிறது என்று அவருக்குச் சந்தேகம். கேமரா கடைக்காரர் வந்து பார்த்து, நாலு கேமரா வேண்டும் என்றார். எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. இது ஸ்டார்லைக் களம், இரண்டு பக்கமும் சேரும் இடத்தில் சுற்றிப் பார்க்கிற கேமரா ஒன்று வைத்தால் போதும் என்று சாக்பீஸால் தரையிலேயே வரைந்து நிரூபித்தேன். சுவரில் மாட்டினால் ஷெட்டின் தகரக் கூரை மறைத்தது. அதனால் நான் புள்ளி வைத்த இடத்திலேயே, களத்துக்குள், இரும்புக் கம்பம் நட்டார்கள். மாமா அன்று ஊரில் எல்லோரிடமும் என் படிப்பைப் பற்றிச் சொன்னார்.

நான் புள்ளி வைத்த இடம்தான் கொப்பரை ஏற்ற வரும் லாரி திரும்புகிற இடம் என்பது என் நிரூபணத்தில் வரவில்லை. மூன்றாம் நாள் லாரி பின்னால் வந்து கம்பத்தைச் சாய்த்தது. பயந்துகொண்டே போனேன். மாமா சாய்ந்த கம்பத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, செல்போனில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ற கணக்குல தப்பே இல்ல கண்ணு, இடிக்க வந்த வண்டியோட நம்பரு வரைக்கும் தெளிவா உளுந்திருக்குது."

வகுப்பில் யாருமில்லை

எங்கள் தொழிலில் புதிதாக ஒரு ஃபங்ஷன் வகுப்பை உண்டாக்குவது எளிது. ஏற்கெனவே இருக்கிற வகுப்புக்கு மேலே இரண்டு நிபந்தனை போட்டால் புது வகுப்பு. பிறகு அதற்குள் இருக்கும் ஃபங்ஷன்களின் குணநலன்களைத் தேற்றம் தேற்றமாக எழுத வேண்டும். என் நாலாவது அத்தியாயத்தில் ஐந்து நிபந்தனை போட்டு ஒரு வகுப்பு வைத்திருந்தேன். ஒன்பது தேற்றம். எனக்கே என்மேல் மரியாதை வந்த அத்தியாயம்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு மாதம் இருக்கும்போது, உதாரணத்துக்கு ஒரு ஃபங்ஷன் எழுதலாமென்று உட்கார்ந்தேன். கிடைக்கவில்லை. ஒரு வாரம் தேடினேன். கடைசியில் தெரிந்துபோனது: என் ஐந்து நிபந்தனைக்கும் அடங்கி அந்த வகுப்பில் இருப்பது ஒரே ஒரு ஃபங்ஷன்தான். அதுவும், புள்ளிகளை எங்கும் கொண்டுபோகாமல் இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிற ஃபங்ஷன். ஒன்றுமே செய்யாத ஒருவனைப் பற்றி ஒன்பது தேற்றம் எழுதியிருக்கிறேன்.

கோயம்புத்தூரில் என் வழிகாட்டிப் பேராசிரியரின் அறைக்குப் போய் அழுதேன். வேலை போய்விடும் சார் என்றேன். அவர் காகிதத்தை வாங்கி, டீ ஆறும் வரை பார்த்தார். மூன்றாவது நிபந்தனையில் குறி மாறியிருக்கிறது, திருத்தினால் கூட்டம் தானாக வரும் என்று பென்சிலால் சுழித்துக் கொடுத்தார். அப்படியே ஆயிற்று, மூன்று வாரத்தில் ஒன்பது தேற்றத்தையும் திருப்பி எழுதினேன். ஆனால் அன்றைக்கு, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, முப்பது வருஷம் பாடம் நடத்திய அந்த மனிதர் சொன்ன ஆறுதல் இதுதான்:

"ஒருத்தன் வந்திருக்கான்ல, வகுப்பு எடுத்துத்தானம்மா ஆகணும்."

பாயின் சாட்சியம்

கோட்டைமேட்டில் ஒரு பாய் பல வருஷமாக ஆய்வேடுகளுக்கு பைண்டிங் போடுகிறார். சமர்ப்பிக்கக் கடைசி நாள் காலையில் போய் என் பிரதிகளை வாங்கினேன். நீல அட்டை, தங்க எழுத்து, என் பெயர். கடையிலேயே நின்று ஆசையாகப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தேன். பதினோரு பக்கம் வாசித்த பிறகுதான், இந்த அளவுக்கு நான் நன்றாக எழுதமாட்டேனே என்று சந்தேகம் வந்தது.

உள்ளே இருந்தது சேலத்துப் பெண் ஒருவரின் ஆய்வேடு. எங்கள் துறையில் எல்லோருடைய தலைப்பும் 'சில உள்வகுப்புகள் பற்றிய ஓர் ஆய்வு' என்றுதான் இருக்கும். இரண்டு கட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன, அட்டை மாறிவிட்டது. அவருடைய பிரதிகள் நல்லவேளை இன்னும் கடையிலேயே இருந்தன. பாய் தொழுகைக்குப் போகும் முன் எல்லாவற்றையும் பிரித்து, மாற்றி ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடு வைத்துக் காயவைத்தார். சாயங்காலம் பல்கலைக்கழகத்தில் கவுண்டர் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். கடையிலிருந்து கிளம்பும்போது நான் முகத்தைக் கொஞ்சம் கடுமையாகவே வைத்திருந்தேன் போலிருக்கிறது.

"தப்பு என்னுதுதாம்மா, மறுக்கல, ஆனா உள்ள படிச்சுப் பாத்துக் கண்டுபிடிச்ச மொத ஆளு நீங்கதான்."

பொதுமக்கள் கேள்வி

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்க வேண்டும், பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்பது விதி. பொதுமக்கள் ஒருபோதும் வந்ததில்லை. எனக்கு வந்தார்கள். காங்கேயத்திலிருந்து ஒரு வேன் நிறைய. வெள்ளை வேட்டியும் பட்டுச் சேலையுமாக முன் வரிசையை நிரப்பி உட்கார்ந்தார்கள்.

பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பானவர். நாலாவது அத்தியாயத்தில் ஒரு உதாரணம் கேட்டார். இரண்டாகச் சொன்னேன். பிறகு இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு சமனின்மையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் விடவில்லை. பலகையில் மூன்று முறை அழித்து அழித்து எழுதினேன். முன் வரிசையில் யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் என்னை யாரோ மிரட்டுகிறார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கடைசியில் சம்பிரதாயத்துக்கு, சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று தேர்வாளர் கேட்டார். மாமா எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாக, இந்தப் படிப்பால் யாருக்காவது ஏதாவது கெடுதல் உண்டா என்று கேட்டார்.

தேர்வாளர் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். இதுவரைக்கும் அப்படி எதுவும் தெரியவரவில்லை என்றார்.

"அப்பறமென்னங்க சாமி, குடுத்துப்போடுங்க."

சரியான நேரம்

கொடுத்துப்போட்டார்கள். நிர்வாகம் வைத்த கெடுவுக்கு இருபது நாள் மிச்சமிருந்தது. சான்றிதழ் நகலை எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் அறைக்குப் போனேன். வேலை தப்பித்தது, கையெழுத்துப் போட்டார், இனிப்பு எடுத்துக்கொண்டார். அப்புறம் மேசையிலிருந்து புதுப் பாடத்திட்டத்தை எடுத்து நீட்டினார். கலப்பெண் பகுதியை, அதாவது என் ஃபங்ஷன்கள் குடியிருக்கும் பாடத்தை, அடுத்த பருவத்திலிருந்து அடியோடு தூக்கிவிட்டார்கள். எனக்குப் புள்ளியியல் ஒதுக்கியிருந்தார்கள். அவர் உண்மையான சந்தோஷத்தோடு கை கொடுத்தார்.

"நல்லவேளைங்க மேடம், பாடம் போறதுக்குள்ள முடிச்சுப்போட்டீங்க."

ஆகவே சக ஜீவன்களே, ஆராய்ச்சி செய்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. செய்து முடிக்கிறவரை சொந்தபந்தத்தோடும் வேலையோடும் புத்தி கலங்காமல் இருந்ததற்குத்தான் டாக்டர் பட்டம் கொடுக்கிறார்கள் என்பது என் பத்தாவது தேற்றம்.